பொட்டலத்துப் பெண்ணின் இடது கை

எனக்கு முதன்முதலில் கெடுதல் செய்தவர் மிளகாய்ப்பொடி வியாபாரி தில்லைநாயகம். அவரைப் பார்த்து அதையே செய்த மற்ற வியாபாரிகள் எல்லாம் பிறகு வந்தவர்கள்.

பொட்டலத்தின் மேல் இருக்கிற படங்கள் வாய் திறந்து பேசிய காலம் அது. அம்மியும் பேசும், ஆனால் அதற்கு முனகத்தான் தெரியும். படம் பேசவேண்டுமானால் உயிருள்ள ஒன்று அதற்குள் போய் நிற்கவேண்டும். தீப்பெட்டிக்குக் கிளி போனது. சீயக்காய்க்கு மயில் போனது. தில்லைநாயகம் தன் பொடிக்கு ஒரு குடும்பப் பெண் வேண்டும் என்றார். நான் அவர் கிடங்கில் வற்றல் இடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உலகம்மாளைக் கேட்டார். தை பிறந்ததும் திருப்பி அனுப்பிவிடுவதாகக் குலசாமி மேல் சத்தியம் செய்தார்.

போகும்போது அவள் என்னிடம், "குழம்புக்கு உப்புப் போட்டாச்சு. நீங்க வேற போட்டுக் கெடுத்துராதீங்க" என்றாள்.

பொட்டலத்தில் அவளுக்குச் 'சமையல் செண்பகம்' என்று வேறு பேர் வைத்தார்கள். ஒருத்திதான், ஆனால் எல்லாப் பொட்டலத்திலும் தெரிந்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். புளி தூக்கல் என்பாள், இன்னும் கொதிக்கட்டும் என்பாள். பெண்கள் அவளை நம்பினார்கள். பொடி இருந்த இடம் தெரியாமல் விற்றுத் தீர்ந்தது.

ஆசை மிஞ்சிப்போய், எனக்குத் தெரியாமல் பொடியில் செங்கல் தூளைக் கலந்தார் தில்லைநாயகம். அன்றைக்கு எல்லா அடுப்படியிலும் அவள் உள்ளங்கையை நக்கித் துப்பினாள்.

"பிள்ளைக்குக் குடுக்காத தாயி. இது செங்கல்லு."

பெண்கள் பொடியைக் கொண்டுவந்து கடை வாசலில் கொட்டினார்கள். தில்லைநாயகம் படம் வரைகிறவரை வரவழைத்தார். அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னார். வாயை மூடிச் சிரிப்பை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். கை இல்லாமல் ருசி பார்க்க முடியாது. வாய் இல்லாமல் சொல்ல முடியாது. படத்தின் விளிம்பைப் பிடித்து ஏறி வெளியே வருவதற்கும் இரண்டு கை வேண்டும்.

தை பிறந்ததும் போய்க் கேட்டேன். கூரை வரை அடுக்கியிருந்த பொட்டலங்களைக் காட்டினார்.

"இதுல எது உன் பொண்டாட்டின்னு சொல்லு சுடலை. பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போ."

எல்லா முகமும் அவள் முகமாக இருந்தது. ஒன்றைப் பிரித்தேன். உள்ளே பொடிதான்.

அந்தப் படம் வரைந்த நாளிலிருந்துதான் பொட்டலத்துப் பெண்கள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் சிரிக்கிறார்கள். சமைத்ததை ஒருத்தியும் ருசி பார்ப்பதில்லை. இடது கையைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

தில்லைநாயகம் செத்துவிட்டார். அவர் செய்த சத்தியம் மகன் தலையில் நிற்கிறது. தை பிறக்கும்போதெல்லாம் அந்த வாசலில் போய் நின்று கேட்கிறேன். என் குழம்புக்கு நான் இன்னும் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை.