பொங்கியண்ணன் கொண்டுவந்த துண்டுகள்

நியாயமான கூலி கொடுத்துக் கைத்தறியில் நெய்த துணிக்கு மட்டும்தான் ஈரோட்டில் ஒரு துணிக்கடை தன் முத்திரையைக் குத்தும். ஒருநாள் அந்தக் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் பொங்கியண்ணன் வந்து, துண்டு மூட்டையை மேசையில் போட்டார்.

"எங்க ஊர்ப் பொம்பளைங்க கைத்தறியில நெய்ஞ்சது. முத்திரை குத்தும்மா. இல்லைன்னா இன்னைக்கே கடையைக் காலி பண்ணு."

கடைக்காரி சுலோசனா முத்திரையை எடுத்தாள். துணி வாங்க வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

துணி மடிக்கும் நாச்சாள் குறுக்கே வந்தாள். "ஏனுங்க, அந்தப் பொம்பளைங்க கடைக்குப் பின்னாடி உட்கார்ந்து அழுகறாங்க. நீங்க அடைச்சு வெச்சு, அடிச்சு வேலை வாங்கறீங்களாமா. போலீசைக் கூப்பிடட்டுங்களா?"

பொங்கியண்ணன் முகம் வெளுத்தது. "அத்தனையும் பொய்! எங்கிட்ட ஒரு பொம்பளைகூட நெய்யலை. எல்லாமே விசைத்தறியில ஓட்டினது!"

கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது. காலி பண்ணும் பேச்சை அப்படியே விட்டு, மூட்டையைத் தூக்கினார்.

நாச்சாள் முத்திரையை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "அதானுங்க, பின்னாடி ஒருத்தியையும் காணோம்!"