மந்திரி கம்பெடுத்த நாற்பது நாள்

குன்றையூர் நாட்டை உத்தமகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. காலையில் போட்ட உத்தரவை மாலையில் மறந்துவிடுவார். எதை மறந்தால் நல்லதோ அதை மட்டும் மறக்கமாட்டார். அவருக்கு ஒரு மந்திரி. பெயர் திருமலைக்கொழுந்து, வயது நாற்பத்தொன்பது. சபைக்குள் முதலில் வயிறு நுழையும், பிறகு ஆள் நுழைவார். அந்த ஆள் நான்தான்.

ஒரு நாள் சந்தையில் ஒரு திருடன் என் தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு கிழக்கே ஓடினான். நானும் விடவில்லை, ஓடினேன். மேற்கே.

மறுநாள் சபையில் தளபதி அதிவீரர் எழுந்தார். என் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்குப் பத்து வருஷமாகக் கண்.

"மகாராஜா, தன் தலைப்பாகையைக் காக்கத் தெரியாதவர் நாட்டை எப்படிக் காப்பார்?"

ராஜா என்னைப் பார்த்தார். "ஏன் ஓய், திருடனைக் கண்டு ஓடினீராமே?"

"ஆமாம் மகாராஜா. வேகமாகவே ஓடினேன். அதைத் தளபதியார் சொல்லாமல் விட்டுவிட்டார்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்தால் பின்னாலேயே ஓர் உத்தரவு வரும்.

"நாற்பது நாளில் சிலம்பம் கற்றுக்கொள்ளும். நாற்பத்தோராம் நாள் தளபதியோடு களத்தில் இறங்கும். தோற்றால் முத்திரை மோதிரம் அவருக்கு. நீர் வீட்டுக்கு."

கோட்டைக்கு வெளியே சிலம்பக் களம் வைத்திருந்தவள் பூமயில். முப்பது வயது. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "உட்கார்ந்து எழுந்திருங்கள் ஐயா" என்றாள். உட்கார்ந்தேன். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

என்னோடு கற்க வந்தவர்களுக்கெல்லாம் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் ஒரு பல் விழுந்தது, வேறு காரணத்தால். கம்பைச் சுற்றினால் முழங்காலில் படும். முழங்காலைப் பிடிக்கக் குனிந்தால் கம்பின் மறுமுனை நெற்றியில் படும்.

"ஐயா, எதிரி உங்களுக்கு முன்னால் நிற்பான்" என்பாள் பூமயில்.

"தெரியும் ஆசானே. அவனிடம் போகும் வழியில் நான் இருக்கிறேன்."

போட்டி முறையையும் அவளே சொன்னாள். கம்பின் நுனியை ஈர மஞ்சளில் தோய்ப்பார்கள். முரசு நின்றதும் இருவர் உடம்பிலும் மஞ்சள் பொட்டுகளை எண்ணுவார்கள். மூன்று இருந்தால் தோல்வி. "பொட்டு எப்படி விழுந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்."

முப்பத்தெட்டாம் நாள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: இந்தப் பிறவியில் நான் யாரையும் அடிக்கப் போவதில்லை, என்னைத் தவிர. நேரே அரண்மனை வைத்தியரிடம் போனேன். "காயங்களுக்கு மஞ்சள் பத்துப் போட வேண்டும்."

"எந்தக் காயத்துக்கு?"

"எல்லாவற்றுக்கும். ஒன்று விடாமல்."

நாற்பத்தோராம் நாள் களத்தில் இறங்கினேன். கழுத்து முதல் கணுக்கால் வரை ஈர மஞ்சள். பொங்கலுக்குக் குளிப்பாட்டிய மாடு போல இருந்தேன். நடுவராக நின்ற பூமயில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜா கேட்டார்: "தளபதி, இவர் உடம்பில் பொட்டு எப்படித் தெரியும்? போட்டியைத் தள்ளிவைக்கலாமா?"

"வேண்டாம் மகாராஜா! இவரை வெல்ல இன்னொரு நாள் எதற்கு?" என்றார் அதிவீரர்.

முரசு முழங்கியது. முதல் அடி என் தோளில்.

"பட்டது!" என்றார் தளபதி.

"எங்கே?" என்றாள் பூமயில்.

"இதோ, இங்கே!" விரலால் என் தோளை அழுத்திக் காட்டினார். அதே விரலால் நெற்றி வியர்வையை வழித்தார்.

அடுத்தது என் விலாவில். "இதுவும் தெரியவில்லையா?"

"சரியாகக் காட்டுங்கள்."

உள்ளங்கையால் காட்டினார். காட்டிவிட்டு மீசையை முறுக்கினார். மூன்றாவது அடியில் நான் மல்லாந்து விழுந்தேன். விழுவது எனக்கு நன்றாக வரும். அவர் என் நெஞ்சில் கைவைத்து, "இங்கே! இங்கே!" என்று கத்தி, வெற்றியென்று தொடையைத் தட்டினார்.

முரசு நின்றது. பூமயில் எண்ணினாள்.

"மந்திரி உடம்பில் பொட்டு எதையும் பிரித்துக் காண முடியவில்லை, மகாராஜா. தளபதி உடம்பில் நெற்றியில் ஒன்று, மீசையில் ஒன்று, தொடையில் ஒன்று. மூன்று."

தளபதி துள்ளினார். "இது நானே பூசிக்கொண்டது!"

"நாற்பது நாளாக என்மேல் விழுந்ததெல்லாம் நானே அடித்துக்கொண்டதுதான் தளபதியாரே. அதற்காக வலி குறையவில்லை" என்றேன், படுத்தபடியே.

"மோசடி! மஞ்சள் பத்துக்குக் கீழே ஒரு காயமும் இருக்காது. கழுவிப் பாருங்கள்!"

ராஜாவின் முகம் மாறியது. "காயம் இல்லையென்றால் மோதிரம் போகும் ஓய். தலையைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்."

நாலு குடம் தண்ணீர் என் தலையில் கொட்டியது. மஞ்சள் வழிந்து ஓட ஓடக் காயங்கள் தெரிந்தன. கறுப்பு, நீலம், ஊதா, பச்சை. நாட்டில் சாயத் தொழில் செய்பவர்கள்கூட அத்தனை நிறம் கண்டிருக்கமாட்டார்கள்.

ராஜா இறங்கி வந்து என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "இதில் தளபதி இன்று அடித்தது எது?"

பூமயில் குனிந்து நிதானமாகப் பார்த்தாள். "தெரியவில்லை மகாராஜா. ஆழமாக இருப்பவை எல்லாம் மந்திரியார் தாமே அடித்துக்கொண்டவை."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. மோதிரம் என்னிடமே நின்றது. பூமயிலுக்குப் புதிய களமும் பொற்காப்பும் கிடைத்தன. நான் நைசாக நழுவப் பார்த்தேன்.

"நில்லும் ஓய்! பாடம் பாதியில் நிற்கிறது. நாளை முதல் இன்னும் நாற்பது நாள். தளபதி உம் பக்கத்திலேயே நின்று, கையைப் பிடித்துக் கம்பு சுற்றக் கற்றுக்கொடுப்பார்."

அதிவீரர் என் உடம்பை ஒருமுறை பார்த்தார். என் கையிலிருந்த கம்பை ஒருமுறை பார்த்தார். நெடுஞ்சாண்கிடையாக ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, என்னை எல்லைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே எதிரிப் படை இருந்தாலும் பரவாயில்லை!"