உலகம்மாளின் பங்கு

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்துபோகும் ஆவுடையப்பனோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனவர். அதனால் சீடர் குருவைச் சாமி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். மடத்தில் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரியவில்லை.

ஓர் ஆடி மாதம் ஆவுடையப்பன் கோபமாக வந்தார்.

"சாமி, என் தங்கச்சி வாயை அடைக்க ஒரு வழி சொல்லுங்க."

"என்ன பேசுதா?"

"அவ வேதத்துல சேந்து ரொம்ப வருசமாச்சு. பேருகூட இப்ப ரெபேக்கா. எனக்கு அவ உலகம்மாதான். சேரட்டும், அது அவ இஷ்டம். ஆனா ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சா நேரா என் வீட்டுக்கு வந்திருவா. செருப்பைக் கழட்டுமுன்ன ஆரம்பிச்சிருவா. 'அண்ணே, காலம் கிட்டக்க வந்துட்டு, ஆண்டவர்கிட்ட வந்துரு.' நான் குளிச்சு திருநீறு பூசிக்கிட்டு நிக்கேன், என் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுதா!"

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அதுக்கு அவ என்ன சொல்லுதா தெரியுமா? 'செத்தபெறவு நான் ஒரு இடம், நீ ஒரு இடம்னு ஆயிருமே, அங்க நான் யார்கூடப் பேசிக்கிட்டு இருப்பேன்'ங்கா."

சாமி துவைத்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"அண்ணாச்சி, உங்களுக்கு அந்தப் பேச்சு வேண்டாமா, தங்கச்சியே வேண்டாமா?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே சாமி வருது!"

சாமி வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். குரு சொல்லாமல் விட்டதைத் தன் வசதிக்கு எடுத்துக்கொள்வதில் சீடர்கள் கெட்டிக்காரர்கள். அடுத்த ஞாயிறு ஆவுடையப்பன் தங்கையை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பிப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மார்கழியில் மறுபடியும் மடத்துக்கு வந்தார். கோபத்தைக் காணோம். ஆளும் இளைத்திருந்தார்.

"அவ வாரதில்ல சாமி."

"நீங்க கேட்டதுதானே. வாயை அடைச்சாச்சு."

ஆவுடையப்பன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் மஸ்கட்டில் இருக்கிறான், போனில் அவசர அவசரமாகப் பேசி வைத்துவிடுவான். வீட்டில் குரல் கேட்க வேண்டுமென்றால் டிவியைத்தான் போட வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பஸ் வந்து நிக்கிற சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசலுக்குப் போயிருதேன் சாமி. யார் யாரோ எறங்கிப் போறாங்க. என் வீட்டைத் தேடி வந்த ஆளு அவ ஒருத்திதான். இப்பத்தான் தெரியுது."

"கூப்பிடுங்க."

"வந்தா பேசுவாளே."

"பேசுவா. வேண்டாம்னு சொல்லுங்க. சொல்லிட்டு உக்காரவச்சு சோறு போடுங்க."

"சண்டையே சோத்துலதான் சாமி."

தை மாதம் அவர்களுடைய அம்மாவின் திதி வரும். ஆவுடையப்பன் தன் கையாலேயே சமைத்துப் படைப்பார். உலகம்மாளும் தவறாமல் வருவாள், பெற்றவள் நாளாயிற்றே. ஆனால் படைத்த சோற்றைத் தொட அவள் வேதம் இடம் கொடுக்காது. வரும்போதே ஓட்டல் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து பின்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். முன்னறையில் இலை போட்டு அண்ணன் தனியாகச் சாப்பிடுவார். ஒருவர் சாப்பிடுவது மற்றவருக்குத் தெரியாது.

"வருசாவருசம் இலையைக் கொண்டுபோயி அவ முன்னால வைப்பேன். 'அம்மாவுக்கு வச்சது உனக்கு விஷமா'ன்னு கேப்பேன். அழுவா. ஆனா தொடமாட்டா."

"அவ உங்களை அந்தப் பக்கம் இழுக்கா. நீங்க அவளை இந்தப் பக்கம் இழுக்கீங்க."

"அதும் இதும் ஒண்ணா சாமி? இது அம்மா சோறு!"

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"திதிக்குக் கூப்பிடுங்க. நானும் வாரேன்."

கூப்பிட்டதும் வந்துவிட்டாள் உலகம்மாள். ஆனால் படியேறாமல் தெருவிலேயே நின்றாள். ஆவுடையப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் பேசியவள் தங்கைதான்.

"அண்ணே, தெனமும் உனக்காகத்தான் ஜெபம் பண்ணுதேன். ஆண்டவர் உன்னைய..."

"எனக்கு வேண்டாம்ட்டி. நீ உள்ள வா."

வந்தாள். அவள் கையில் இட்லிப் பொட்டலம் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆவுடையப்பனின் முகம் சுருங்கிவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்கட்டுக்குப் போனாள். இந்த வருடமும் இப்படித்தான் ஆகப்போகிறது என்று அவருக்கு அழுகையே வந்தது.

அடுப்படியில் எல்லாம் தயாராக இருந்தது. சோறு, சாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல், பருப்புப் பாயசம். படைப்பதற்கு முன் உப்புகூடப் பார்க்காத வீடு அது. சாமி உள்ளே வந்து ஒரு தட்டைக் கழுவினார். ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்து, எல்லாவற்றிலும் எடுத்துத் தட்டில் வைத்தார். பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

"இது படைக்காத சோறு. தங்கச்சி சாப்பிடலாம். கொண்டு குடுங்க."

"சாமி!" ஆவுடையப்பன் தட்டை வாங்காமல் பின்வாங்கினார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! அம்மாவுக்கு இன்னும் வைக்கவே இல்லயே. அவளுக்கு வைக்குமுன்ன இன்னொருத்திக்கு எடுத்துட்டீங்களே. இந்த மிச்சத்தை எப்பிடி நான் அம்மா முன்னால வைப்பேன்?"

சாமி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, உங்க அம்மா இருந்த காலத்துல, மகளுக்குப் போடாம ஒரு நாளாவது சாப்பிட்டிருக்காங்களா?"