நிலைத்து நிற்க வேண்டிய இளஞ்சிவப்பு

"இந்த மூணு பேருக்கும் வெறும் தண்ணியைக் குடுத்து என்னன்னு கேட்டாலும், மத்தியானம் வரைக்கும் யோசிப்பானுவ."

சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே ஆய்வக அட்டெண்டர் சுடலையாண்டி யாரிடமோ சொன்னார். அவர் சொன்னது தவறு. தண்ணீர் என்றால் சாயங்காலம் வரை யோசிப்பார்கள்.

தவமணி, எட்வின், குருநாதன் மூவரும் பிளஸ் டூ. அன்று மாதிரிச் செய்முறைத் தேர்வு. குடுவையில் இருக்கும் அமிலத்தின் செறிவைக் கண்டுபிடித்து எழுதித் தராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று லூர்து டீச்சர் சொல்லியிருந்தார். பற்றாக்குறையால், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட் மூன்று பேருக்கு ஒன்று. மூளை விஷயத்திலும் அவர்களுக்குள் அதே ஏற்பாடுதான்.

"பியூரெட்ல இருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டா விடுங்க. குடுவையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைச்சு நிக்கணும். அதுதான் முடிவு. எவ்வளவு இறங்கிச்சுன்னு பார்த்துக் கணக்குப் போடுங்க" என்றார் டீச்சர்.

ஆறு கண்களும் குடுவைக்குள் போயின. தவமணி கையால் தடவியே பியூரெட்டின் அடித் திருகைத் திருகினான். பத்தரை மணிக்கு நிறம் வந்தது.

"வந்துட்டுல! எழுதுவோமா?" என்றான் எட்வின்.

"வந்தா போதுமால? நிக்கணும்னாங்கல்லா" என்றான் குருநாதன்.

நின்றது. ஐந்து நிமிடம் கழித்து வெளுத்துப் போனது.

"பாத்தியா! எழுதியிருந்தா ஹால் டிக்கெட் போயிருக்கும்" என்றான் குருநாதன்.

இன்னொரு சொட்டு விட்டார்கள். அதுவும் வெளுத்தது.

"நீ மூச்சு விடுததாலதான்ல போவுது" என்று தவமணி எட்வின் மேல் பாய்ந்தான். கரியமில வாயு பட்டால் அந்த நிறம் வெளுக்கும் என்பது உண்மைதான். தவமணி பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒரே சரியான வேதியியல் அது. அவனுக்குத்தான் அது தெரியாது.

உடனே முறை வைத்து மூச்சை அடக்கினார்கள். ஒருவன் அடக்கும்போது மற்ற இருவரும் அவனுக்கும் சேர்த்து விட்டார்கள். வெளுக்க வெளுக்கச் சொட்டு விட்டு, பன்னிரண்டு மணிக்கு மறுபடி இளஞ்சிவப்பு வந்தபோது மணி அடித்தது.

"எவ்வளவுடா இறங்கிச்சு?" என்றபடி வந்தார் டீச்சர்.

"எங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்? குடுவையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதுன்னீங்கள்லா" என்றான் தவமணி.

"இப்ப எடுத்துப் பாருங்கடா!"

மூவரும் நிமிர்ந்தார்கள். மணி அடித்ததும் சுடலையாண்டி பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்.

"பேப்பர் இல்லேன்னா ஹால் டிக்கெட் இல்ல" என்று டீச்சர் தம் மேசைக்குத் திரும்பினார்.

எட்வினுக்கு அழுகை வந்துவிட்டது.

"எதுக்குல அழுத? இளஞ்சிவப்புதான் முடிவுன்னு டீச்சரே சொன்னாங்க. முடிவு நம்மகிட்டதான இருக்கு?" என்றான் குருநாதன்.

அடிஷனல் ஷீட் கட்டும் வெள்ளை நூலை எடுத்து வந்தான். வெற்று விடைத்தாளில் மூன்று பெயர்களையும் எழுதினான். நூலைக் குடுவையின் கழுத்தில் சுற்றி, தாளின் மூலையில் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, டீச்சர் மேசையில் இருந்த விடைத்தாள்களின் மேல் வைத்தான். ஏதோ நினைவு வந்தவனாக மறுபடி பேனாவைத் திறந்து, தாளின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினான்: 'திருத்துபவர் மூச்சு விடக் கூடாது.'