மாசானம் பூசின கரி

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அவரு கோட்டை வாசலைக் காக்க மாசானம், புலமாடன்னு ரெண்டு சேவகங்க இருந்தாங்களாம். ஒண்ணா வேலைக்கு வந்து, ஒண்ணாவே மீசை நரைச்சவங்க.

அப்புறம் என்னாச்சு, ராஜா தன் மச்சினனைக் காவலுக்குத் தலைவனாக்கினாரு. இளவட்டம். வந்ததும், "நரைச்சவன் எவனும் இங்க வேண்டாம்"னுட்டான். மொத நாள் தாடி நரைச்சவன் போனான், மறுநாள் தலை நரைச்சவன் போனான், மூணாம் நாள் மீசைக்காரங்க முறை.

மாசானம் என்ன பண்ணினான், விளக்குக்கரியை எண்ணெயில குழைச்சு மீசையில பூசிக்கிட்டான். புலமாடன் பூசல.

தலைவன் வந்து, புலமாடனைக் காட்டி, "இந்தக் கிழவனால திருடனை விரட்ட முடியுமா? கூட நிக்கிறவன் நீ சொல்லுடா"ன்னு மாசானத்தைக் கேட்டான்.

மாசானம் தரையைப் பாத்து, "முடியாதுங்க. மூச்சு வாங்குதுங்க"ன்னான்.

பொய்யி கண்ணு! புலமாடன் தலைப்பாகையைக் கழட்டி வச்சுட்டு நடந்தான். அன்னிக்கு மாசானத்துக்குச் சோறு எறங்கல. மறுநாளும் எறங்கல.

அப்புறம் தேர்த்திருவிழா வந்துச்சு, ராஜா வந்தாரு, மழையும் வந்துச்சு. மாசானம் மீசையிலிருந்து கரி ஒழுகி, வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பு. சனம் சிரிக்குது. "ஏமாத்துறியா கிழட்டு நாயே!"ன்னு தலைவன் கம்பை ஓங்கினான்.

"அடிங்க சாமி"ன்னு மாசானம் ராஜா காலடியில உக்காந்துட்டான். "கரி பூசினதுக்கில்ல. என் வேலைக்காகக் கூட்டாளி மேல பொய் சொன்னேனே, அதுக்கு அடிங்க."

நடந்ததெல்லாம் கேட்டாரு ராஜா. அவருக்கோ நெஞ்சு வரைக்கும் வெள்ளைத்தாடி! "மச்சினா, என்னை எப்போ வீட்டுக்கு அனுப்பப் போற?"ன்னாரு. அவன் ஓங்கின கம்பைக் கீழ போட்டான். "உன் தலை நரைக்கிற வரைக்கும் லாயத்துல குதிரைச்சாணி அள்ளு. நரைச்சப்புறம் வா, வேலை தர்றேன்."

போனவங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டாங்க. புலமாடன் வீட்டுக்கு மாசானமே போனான். வாசல்லயே நின்னு, "வேலைக்கு வரச் சொன்னாங்க. நான் சொன்னதை மன்னிச்சுரு"ன்னான்.

"வேலைக்கு வர்றேன். மத்தது கொஞ்ச நாள் ஆகும்"னான் புலமாடன்.

ரெண்டு பேரும் மறுபடி ஒரே வாசல்ல நின்னாங்க. புலமாடன் ரோட்டைப் பாத்தான், மாசானம் தன் காலைப் பாத்தான். கூட நின்னவனை விட்டுக்கொடுத்தா அப்படித்தான் கண்ணு, வேலை இருக்கும், நிமிந்து பாக்க முடியாது. அவங்க வாசலை அவங்க காக்கட்டும், நீங்க கண்ணை மூடுங்க.