இருளாயிக்கு வந்த வாள்

ஒரு ஊர்ல ஒரு கொட்டடி இருந்துச்சு. மாட்டுக் கொட்டடி இல்ல, வாள் கொட்டடி. கல்லுப்பொத்தைன்னு ஒரு சின்னக் கோட்டை, அந்தக் கோட்டை வாளெல்லாம் அதுக்குள்ளதான் தொங்கும். அதுக்குக் காவல்காரன் சங்கிலின்னு ஒருத்தன். அவனுக்கு ஒரே மக, முத்திருளாயி. இருளாயின்னு கூப்பிடுவாங்க. தாய் இல்லாத பொண்ணு. மத்தப் பொண்ணுங்க பல்லாங்குழி ஆடுற வயசுல இவ வாளுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருப்பா. துணியை எண்ணெயில தொட்டு சரக் சரக்னு தேய்ப்பா. யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நூறு வாளை வருசக்கணக்கா தொட்டுத் தொடைச்சா எந்த வாள் என்ன பாடு பட்டுச்சுன்னு கைக்கே தெரிஞ்சு போகும்.

கேக்குறியா? ம் சொல்லு. ம் சொல்லாட்டி நான் என்ன சுவத்துக்கா கதை சொல்றேன்?

ம். அப்படி.

அந்தக் கொட்டடியில கிழக்குச் சுவத்துல தொங்குற வாளுக்கெல்லாம் முனை இருக்கும். மேக்குச் சுவத்துல தொங்குறதுக்கு முனை இருக்காது. ஏன்னா அந்தச் சீமையில ஒரு பழக்கம். வாள் வச்சிருந்தவன் செத்தா, சுடுகாட்டுலயே அவன் வாள் முனையை டணக்குனு ஒடிச்சு, அந்தத் துண்டை சிதையில போட்டுடுவாங்க. மிச்ச வாள் வீட்டுக்கு வரும். அதை யாரும் எடுத்துச் சண்டை போட மாட்டாங்க. சும்மா தொங்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. பெரிய வீட்டு மாப்பிள்ளை பொண்ணு வீட்டு வாசலை மிதிக்க மாட்டான், கௌரவக் குறைச்சலாம். அவன் வாளைப் பல்லக்குல வச்சு அனுப்புவான். மணையில பொண்ணு பக்கத்துல வாளை நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டுச் சுமங்கலி ஒருத்தி தாலி கட்டிடுவா. வாள் யாருதோ அவன் புருஷன். அவ்வளவுதான் சட்டம். சிரிக்காத, நெசமாத்தான் கதையில அப்படி.

அப்போ, ஆனைக்குடி ஜமீன்ல இருந்து சங்கிலிக்குச் சேதி வந்துச்சு. எங்க சின்னத்துரை குமரத்துரைக்கு உங்க மகளைக் குடுங்கன்னு. சீர் வேணாம், செனத்தி வேணாம். சங்கிலிக்குத் தலைகால் புரியல. காவல்காரன் வீட்டுப் பொண்ணுக்கு ஜமீன் மாப்பிள்ளை! கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுதுன்னு குதிச்சான்.

இருளாயி குதிக்கல. அவளோட பெரியம்மா மக ஒருத்தியும் இப்படித்தான் வாளுக்குக் கழுத்தை நீட்டினா. போய்ப் பாத்தா புருஷனுக்கு அறுபது வயசு, வாயில பல்லு இல்ல, ஏற்கெனவே மூணு பொண்டாட்டி. இருளாயிக்கு அந்தப் பயம் நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. வாளை நான் பாக்காம கழுத்தை நீட்ட மாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டா.

அப்புறம் ஒரே வாரத்துல முகூர்த்த நாள் வந்துச்சு. காலையில பீப்பீன்னு நாயனம், டும்டும்னு மேளம். ஆனைக்குடியில இருந்து ரெண்டு பல்லக்கு. ஒண்ணுல வாள். இன்னொண்ணுல மாப்பிள்ளையோட அம்மா, பெரிய நாச்சியார். அந்த அம்மா சின்ன வயசுலயே தாலி அறுத்தவ. அதனால மணவறைப் பக்கம் வராம தூண் ஓரமா உக்காந்துக்கிட்டா. மடியில ஒரு தட்டு, தட்டுல மருமகளுக்கு வாங்கின பட்டுச் சேலை. அந்த முகத்துல இருந்த சிரிப்பு இருக்கே, ஊரே பாத்துச்சு. ஒத்தப் பிள்ளைக்குக் கல்யாணம், இருக்காதா பின்னே?

எல்லாத்தையும் முன்ன நின்னு நடத்துறது மாப்பிள்ளையோட சித்தப்பா, வன்னித்துரை. வாய் சர்க்கரைப் பொங்கல். "சின்னத்துரை மலைக்கு வேட்டைக்குப் போயிருக்கான், இன்னும் பத்து நாள்ல வந்துடுவான்"ன்னு பாக்குறவங்க கிட்டெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தார்.

இருளாயி மணையில உக்காந்தா. பக்கத்துல உறை போட்ட வாள். ஐயர் மாங்கல்யத்தை எடுத்தார். அப்போ இருளாயி, "கொஞ்சம் இருங்க. வாளை உருவுங்க, நான் பாக்கணும்"ன்னா.

"உருவக் கூடாதும்மா, ஆகாது"ன்னார் வன்னித்துரை.

"உறையையா மாமா நான் கட்டிக்கப் போறேன்?"

பொம்பளைங்க பக்கம் கிளுக்குனு ஒரு சிரிப்பு. சங்கிலி, "ஆத்தா, பேசாம இரு ஆத்தா"ன்னு கெஞ்சினான். அவ கேக்கணுமே! கையை நீட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. முகூர்த்தம் நழுவுதுன்னு ஐயரும் முணுமுணுத்தார். வேற வழியில்லாம உருவினாங்க. சர்ர்ர்ர்...

ம்? தூங்கிட்டியா? இல்லையா? சரி.

முதல்ல பிடியைப் பாத்தா. பிடி தகதகன்னு மின்னுது. பச்சைக் கல்லு, சிவப்புக் கல்லு, தங்கப் பூச்சு. ஊரே ஆன்னு வாயைப் பொளந்துச்சு. இவ கல்லைப் பாக்கல. வாள் பிடிக்கிறவன் ஆள்காட்டி விரலைப் பிடியோட குறுக்குக் கம்பிமேல வளைச்சுப் போடுவான். நாளாக நாளாக அந்த இடம் தேஞ்சு வழவழன்னு ஆயிடும். இதுல தேயவே இல்ல. மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தா. அரக்கு வாசனை.

"மாமா, இது நேத்து மாட்டின பிடி"ன்னா. "அரக்கைக் காய்ச்சி ஊத்தி வாளைச் சொருகினா பிடி பிடிச்சுக்கும், சூடு காட்டினா கழண்டு வந்துடும். பிடி வாளுக்குச் சட்டை மாதிரி. சட்டையைப் பாத்து ஆளைச் சொல்ல முடியுமா?"

வன்னித்துரை கொஞ்சம்கூட அசரல. "ஆமாம்மா, கல்யாணத்துக்குன்னு புதுப் பிடி போட்டோம். தப்பா?"

தப்பில்லதான். ஊர் தலையாட்டுச்சு.

ரெண்டாவதா உடம்பைப் பாத்தா. நகத்தால ஒரு சுண்டு. ணங்ங்ங்... இழுத்துக்கிட்டே போச்சு சத்தம். மட்டமான இரும்பு டப்புனு நின்னுடும். தாம்பாளத்துல இருந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி ஓரமா தடவினா. இரும்புக்குள்ள ஓடைத்தண்ணி மாதிரி நெளிநெளியா கோடு எழும்புச்சு. உருக்குன்னா உருக்கு, அசல் உருக்கு. பிடிக்குப் பக்கத்துல ஆனைக்குடி முத்திரை. அப்புறம் அகலத்தை விரல் வச்சு அளந்தா. கிழவன் வாளா இருந்தா சாணை பிடிச்சுப் பிடிச்சு ஒல்லியா ஆகியிருக்கும். இது அகலம் குறையல. அஞ்சாறு தடவை சாணை பட்டிருந்தா பெரிசு. அப்போ இது இளவட்டத்தோட வாள்தான். அவன் இதை எடுத்துப் பழகியும் இருக்கான், அலகுல சின்னச் சின்ன வெட்டுக்காயம் இருந்துச்சு.

இருளாயிக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கிழவன் இல்ல. பாவம் இந்த மாமா, உண்மையைத்தான் சொல்லியிருக்கார், நாமதான் சந்தேகப்பட்டுட்டோம்னு வெக்கமாகூட ஆயிடுச்சு. தூண் ஓரமா இருந்த அம்மாவைப் பாத்தா. அந்த அம்மா கண்ணாலயே, பாரு பாரு, நல்லா பாரு, என் பிள்ளை வாள்தான்ங்கிற மாதிரி சிரிச்சா. இருளாயியும் சிரிச்சா. அந்தச் சிரிப்போட வாளைத் திருப்பிக் குடுத்திருந்தா கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

ஆனா எண்ணெய் போடுறவ கை, பாதியில நிக்காது. பிடியில ஆரம்பிச்சா முனை வரைக்கும் போயே தீரும். மூணாவதா கை முனைக்குப் போச்சு.

வாளுக்கு நடுவுல நீளமா ஒரு வாய்க்கால் ஓடும், தெரியுமா? வாள் கனக்காம இருக்கத் தோண்டுற வாய்க்கால். அது முனை வரைக்கும் வராது. நாலு விரக்கடை இருக்கும்போதே நின்னுடும். இருளாயி விரல் அந்த வாய்க்கால்ல வழுக்கிக்கிட்டே போச்சு. போச்சு. போச்சு. நிக்கவே இல்ல. முனையைத் தாண்டி வெறும் காத்துல போய் விழுந்துச்சு.

முனை இருக்கு. ஆனா அது பழைய முனை இல்ல. நாலு விரக்கடையை யாரோ ஒடிச்சிருக்காங்க. அப்புறம் யாரோ சாணை பிடிச்சுப் புது முனை தீட்டியிருக்காங்க.

"மாமா, முனை ஒடிஞ்சிருக்கே"ன்னா மெதுவா.

வன்னித்துரை வாளை வாங்கக் கையை நீட்டினார். "வேட்டையில கல்லுல பட்டு ஒடிஞ்சிருக்கும்."

"இருக்கும். கல்லுல படாத வாள் உண்டா? அப்போ ஒண்ணு பண்ணுங்க. இந்த வாளைச் சின்னத்துரை உயிரோட இருந்து, அவர் கையால உங்ககிட்ட குடுத்தார்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. நான் கழுத்தை நீட்டுறேன்."

ஐயர் தட்டுல கற்பூரம் வச்சுக் கொளுத்தினார். சத்தியம் பண்றவன் உள்ளங்கையால அதை அணைக்கணும். பொய்ச் சத்தியம் பண்ணினா குலம் விளங்காது. வன்னித்துரை கையைத் தூக்கினார். கை கற்பூரத்துக்கு மேல வந்துச்சு. நின்னுச்சு. நாயனம் நின்னுச்சு. மேளம் நின்னுச்சு. கற்பூரம் மட்டும் புஸ்ஸுனு எரிஞ்சு, கரைஞ்சு, தானா அணைஞ்சு போச்சு. கை கீழ எறங்கவே இல்ல.

 

ஊர் சுத்தி நின்னு கேக்கக் கேக்க, வன்னித்துரை வாயில இருந்தே எல்லாம் வந்துச்சு. நடந்தது இதுதான். சின்னத்துரை மலையில காய்ச்சல்ல செத்துட்டான். பன்னெண்டு நாளாச்சு. கூடப் போனவங்க அங்கேயே சுட்டு, பழக்கப்படி முனையை ஒடிச்சுச் சிதையில போட்டுட்டாங்க. சேதி முதல்ல சித்தப்பாவுக்கு வந்துச்சு. வாரிசு இல்லாத ஜமீனை வெள்ளைக்காரச் சர்க்கார் எடுத்துக்கும். செத்தவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா, அவ ஒரு பிள்ளையைத் தத்து எடுக்கலாம். தத்துப் போகத் தன் கடைசிப் பிள்ளையையே தயாரா வச்சிருந்தார் மனுஷன். பொண்டாட்டி இல்லேன்னா அந்த உரிமை பெத்தவளுக்குப் போகும். பெரிய நாச்சியார் கையில முடிவு போனா அவ யாரைத் தத்து எடுப்பாளோ? ஏழை வீட்டுப் பொண்ணுன்னா சொன்ன இடத்துல கையெழுத்துப் போடும். அதனால வாயை மூடிக்கிட்டு, புது முனை தீட்டி, பாக்குறவங்க கண்ணு முனைக்குப் போகாம இருக்கட்டும்னு கல்லு வச்ச பிடியும் மாட்டிக் கொண்டு வந்துட்டார். பத்து நாள் கழிச்சு, இப்பத்தான் செத்தான்னு சொல்றதா ஏற்பாடு.

பெத்தவளுக்கே சொல்லல. கேட்டியா? பெத்தவளுக்கே சொல்லல. பாவி.

ம்.

தூண் ஓரத்துல இருந்து பெரிய நாச்சியார் எந்திரிச்சா. அழல, கத்தல. ஆகாதவ மணவறைக்கு வர்றாளேன்னு யாரும் தடுக்கல. நேரா வந்து இருளாயி கையில இருந்த வாளை வாங்கினா. பெத்த பிள்ளை தலையைத் தடவுற மாதிரி தடவிக்கிட்டே போய், முனையில விரலை வச்சா.

"தம்பி, ஜமீனுக்கு யாரைத் தத்து எடுக்கணும்னு நான் பாத்துக்குறேன். நீங்க என் கண்ணு முன்னால நிக்க வேணாம்"ன்னா. வன்னித்துரை தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்தே போனார். பல்லக்கு தூக்க ஒருத்தனும் எந்திரிக்கல.

அப்புறம் இருளாயியைப் பாத்து, "நீ பாக்காம இருந்திருந்தா எனக்கு இன்னும் பத்து நாள் என் பிள்ளை இருந்திருப்பான்"ன்னா.

இருளாயி மணையை விட்டு எந்திரிச்சா. "எனக்கும் அதே பத்து நாள்தான் அத்தை, புருஷன் இருந்திருப்பார்"ன்னா.

அந்த அம்மா அவளையே பாத்துக்கிட்டு நின்னா. பதினெட்டு வயசுல தாலி அறுத்தவளுக்கு அதுக்குமேல விளக்கம் வேணுமா? அப்போதான் அழுகை வந்துச்சு. பிள்ளைக்கு எவ்வளவு அழுதாளோ, இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு அழுதாளோ, யார் கண்டா.

அழுது முடிச்சு, தூண் ஓரமா இருந்த சேலைத் தட்டை எடுத்துட்டு வந்து தரையில வச்சா. "இது உனக்குன்னு வாங்கினது. நல்ல இடத்துல கல்யாணம் ஆகும்போது கட்டிக்கோ. என் கையால குடுக்கக் கூடாதும்பாங்க. நீயே எடுத்துக்கோ தாயி"ன்னா.

சபையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இருளாயி குனியல, எடுக்கல. ரெண்டு கையையும் நீட்டி, "உங்க கையாலயே குடுங்க அத்தை"ன்னா.

குடுத்தா. வாங்கிக்கிட்டா.

அவ்வளவுதான். வாள் உறைக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. ம் சொல்லக்கூட வேணாம், கண்ணை மூடு.