பனிக்கு விட்டது

மேல்மலையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீள வீடு ஒன்று, பக்கத்தில் ஒரு மாட்டுப்பட்டி, சுற்றிலும் புல் சரிவுகள், அவ்வளவுதான். மாடுகளை வைத்துத்தான் மடம் பிழைத்தது.

அங்கே குருவாக இருந்தவள் நாச்சியம்மை. சீடர் குமராண்டி அவளைவிட வயதில் மூத்தவர். அதனால் குரு சீடரை ‘அண்ணே’ என்பாள், சீடர் குருவைத் ‘தாயி’ என்பார். இதென்ன முறை என்று வந்துபோகிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடம் கஞ்சியில் வந்தது. சாயங்காலக் கஞ்சிக்கு முன்னால் ஒவ்வொருவரும் தனக்கு நல்லது செய்த ஓர் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். அது மடத்து வழக்கம். குமராண்டி தினமும் “சாமி” என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவார்.

ஒருநாள் நாச்சியம்மையின் அகப்பை பாதியில் நின்றது.

“சாமி பேரு வேண்டாம்ண்ணே. ஆள் பேரு சொல்லுங்க.”

“அப்படி ஒரு ஆளும் இல்லை தாயி.”

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க.”

“எனக்கு நானேதான் உப்பைப் போட்டுக்கிட்டேன்.”

“கூடப் பிறந்தவுக யாரும் இல்லையா?”

“ஒரு அக்கா இருக்கா, அங்கம்மான்னு. அப்பன் ஆத்தா போனப்புறம் அவகூடத்தான் கிடந்தேன். என்னத்தச் செஞ்சுட்டா? இந்த மலையிலதான், ஒத்தை அறை வீடு. காத்தோட்டமா வாசப்பக்கம் அவ படுத்துக்கிட்டு, என்னைய அடுப்பு மூலைக்குத் தள்ளிருவா. சின்ன வயசு பூராவும் புகையைத் தின்னேன். பெரியவனானதும் கேட்டுப்புட்டேன், நீ எனக்கு என்ன செஞ்சேன்னு. அவ வாயே திறக்கலை. அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுப் படி மிதிக்கலை.”

நாச்சியம்மை கஞ்சியை ஊற்றினாள்.

“பேரு சொல்லாமச் சாப்பிடலாமா தாயி?”

“பொய் சொல்லிட்டுச் சாப்பிடுறதுக்கு இது மேல். சாப்பிடுங்க.”

“நன்றி சொல்ல ஆளே இல்லாதவன் என்ன செய்யணும்?”

“நாளையிலேர்ந்து மாட்டைப் பாத்துக்கங்க” என்றாள் அவள்.

அது மழைக்காலம். சரிவெல்லாம் புல் முழங்கால் உயரம் நின்றது. குமராண்டி மாடுகளை இஷ்டத்துக்கு மேய விட்டார். செவலை என்று ஒரு சினைப்பசு, முதல் வாரத்திலேயே அவருடன் ஒட்டிக்கொண்டது. அவர் உட்கார்ந்தால் பின்னால் வந்து தோளில் தாடையை வைத்துக்கொள்ளும். மனிதர்களிடம் முகம் கொடுக்காதவர் அதற்கு மட்டும் கழுத்தைச் சொறிந்துவிடுவார்.

ஒரே ஒரு சரிவைச் சுற்றி மட்டும் முள் கட்டியிருந்தது. மாடு வாய் வைக்காமல் புல் அங்கே இடுப்பு உயரம் வளர்ந்து தலை சாய்ந்து கிடந்தது.

“இவ்வளவு புல்லை ஏன் தாயி வீணாக்குறோம்?”

“அது பனிக்கு விட்டதுண்ணே.”

குமராண்டிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. காத்துக்கும் கருப்புக்கும் படையல் போடுகிற ஊர்தானே, இங்கே பனிக்குப் புல்லைப் படைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். படையலில் ஒரு பிடி குறைந்தால் பனி என்ன கோவித்துக்கொள்ளவா போகிறது என்று, ஒரு மத்தியானம் முள்ளை விலக்கி, கிழக்கு மூலையை மாடுகளுக்கு விட்டார். அவை தரையோடு வழித்துத் தின்றன. நாச்சியம்மை பார்த்தாள். முள்ளை மறுபடி இழுத்துக் கட்டினாள்.

மார்கழி பிறந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். மேல்மலையில் அந்தப் பனிக்குத் தைவரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. விடிந்து பார்த்தால் சரிவெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். பனி படிந்த புல்லைத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் வெயில் ஏறும்வரை பட்டியிலேயே கட்டிவைக்க வேண்டும். வெயில் ஏறிப் பனி விலகினால், கீழே புல் இருக்காது, கருகின தாள்தான் இருக்கும்.

கீழ்நாட்டு வைக்கோலும் வரவில்லை. மழையில் சரிந்த பாதையை இன்னும் சரிசெய்யவில்லை.

அதைவிடத் தண்ணீர்தான் பெரும்பாடாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் உறைந்து கண்ணாடி போல ஏடு கட்டியிருக்கும். குமராண்டி தடியால் உடைத்துவிடுவார். மாடுகள் வந்து உதட்டை வைத்துப் பார்த்துவிட்டு, சுரீரென்று தலையை இழுத்துக்கொள்ளும். குடிக்காத மாடு இருக்கிற தாளையும் தின்னாது. பால் வற்றியது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு காலையில் செவலை எழுந்திருக்க முயன்று, முன்னங்கால் மடங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டது.

குமராண்டி மடத்துக்கு ஓடினார். அழுகிற பழக்கம் இல்லாதவருக்குக் குரல் உடைந்தது.

“செவலை போயிரும் போல இருக்கு தாயி. வயித்துல கன்னு வேற. நான் என்ன செய்யட்டும்?”

“தொட்டித் தண்ணி வேண்டாம். ஊத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மண்ணுக்குள்ளேருந்து வர்ற தண்ணி, இந்தக் குளிருக்கு வெதுவெதுன்னு இருக்கும்.”

“அது முள் கட்டுன சரிவுக்கு அடியில இருக்கு. பனிக்கு விட்டதை மிதிச்சுல்ல போகணும்?”

“மிதிச்சே போங்க.”

வெயில் ஏறியதும் குமராண்டி செவலையைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மற்ற மாடுகள் பின்னால் வந்தன. முள்ளை விலக்கியதும் முதலில் வந்தது அந்தக் கிழக்கு மூலை. மழைக்காலத்தில் அவர் மேயவிட்ட இடம். வேர்வரை கருகி, கரி கொட்டினது போல இருந்தது. அதைத் தாண்டி இடுப்பு உயரப் புல். அதுவும் பழுப்பேறிச் செத்துத்தான் நின்றது. படையலைப் பனி நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று கசப்போடு நினைத்துக்கொண்டார்.

ஊற்றில் மாடுகள் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தன. செவலை மூச்சு விடக்கூட நிமிரவில்லை. அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

திரும்பி வரும் வழியில் செவலை நின்றுவிட்டது. அவர் தட்டினார், நகரவில்லை. செத்த புல்லுக்குள் கண்வரை முகத்தை நுழைத்தது. உள்ளேயிருந்து நறுக் நறுக்கென்று சத்தம் வந்தது. முகத்தை எடுத்தபோது அதன் வாயோரத்தில் பச்சை வழிந்தது.

குமராண்டி மண்டி போட்டு இரண்டு கையாலும் புல்லை விலக்கினார். மேலே பழுப்புத் தாள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் புல் மழைக்காலத்துப் பச்சையில் இருந்தது. கையை உள்ளே விட்டார். பனி அங்கே இறங்கவே இல்லை.

மற்ற மாடுகளும் வந்து முகத்தை நுழைத்தன. குமராண்டி எழுந்திருக்கவில்லை.

அந்த ஒற்றை அறை வீடு அவருக்கு ஞாபகம் வந்தது. அதன் பலகைக் கதவுக்குக் கீழே கை நுழைகிற சந்து இருந்தது. மார்கழி முழுக்க அக்கா இருமிக்கொண்டே கிடப்பாள். தூக்கம் கெடுகிறது என்று அவர் அடுப்பு மூலையிலிருந்து கத்துவார். அந்த மூலையில் புகை இருந்தது. குளிர் இருந்ததாக அவருக்கு எந்த வயதிலும் ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமும் அதை அவர் யோசித்ததே இல்லை. செவலை வந்து தோளில் தாடையை வைத்தது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். முறை குமராண்டியிடம் வந்தது.

“அங்கம்மா” என்றார்.

நாச்சியம்மை ஊற்றினாள். அவர் தட்டைத் தொடவில்லை.

“செவலை எப்படி இருக்கு?”

“வயிறு நிறைஞ்சு அசை போடுது தாயி.”

“நல்லது.”

“பனிக்கு விட்டதுன்னு நீங்க சொன்னப்ப நான் சிரிச்சேன்.”

“தெரியும்ண்ணே. சாப்பிடுங்க.”

“நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?”

“போயிட்டு வாங்க. செவலையை நான் பாத்துக்கிறேன்.”

“போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. நன்றின்னா அவ சிரிப்பா. மன்னிச்சுருன்னா அழுதுருவா.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றாள் நாச்சியம்மை. “படுக்கும்போது வாசப்பக்கம் நீங்க படுங்க.”